வதீஃபா ஒதுக்கிய முள்

ஆதம் தக்குருவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் சொல்வார்கள். பொய். மூக்கு வரைக்கும் ஏற அதற்குப் பொறுமை ஏது? நாக்கிலேயே குடியிருந்தது. மற்றபடி நல்ல மனுஷன். பிடித்த மீனில் முதல் துண்டை விதவை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு எடுத்துப்போவார். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா?

அந்த நாக்கால் தன் பெண்டாட்டி வதீஃபாவை அவர் இரண்டு தடவை தலாக் சொல்லியிருந்தார். ஒரு தடவை மீன்சாற்றைச் சுண்டக் காய்ச்சும் ரிஹாக்குரு அடுப்பில் அடிப்பிடித்துப் போனதற்கு. இன்னொரு தடவை தாய்வீட்டுத் தீவுக்குப் போனவள் திரும்பி வர நாளானதற்கு. இரண்டு தடவையும் இத்தா என்கிற மூன்று மாதக் காத்திருப்பு முடிவதற்குள், அவள் தங்கியிருந்த என் வீட்டு வாசலில் வந்து நின்று, செருப்பைக் காலால் உருட்டிக்கொண்டே மெதுவான குரலில் கூப்பிட்டார். அவளும் போனாள். எங்கள் தீவில் இது ஒரு பெரிய சங்கதியில்லை. பிரிந்து சேராத ஜோடியை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மூன்றாவது தடவை சொன்னால் சொன்னதுதான். அவள் இன்னொருத்தனைக் கட்டி, அவனோடு குடும்பம் நடத்தி, அவனும் விட்டாலொழிய கூட்டிவர வழி கிடையாது. தீவுக்குத் தலைவரான கதீப்பே ஒருநாள் தொழுகை முடிந்து வரும்போது அவர் தோளைத் தட்டி, "தக்குரு, இனிமே கோபம் வந்தா கடல்ல குதி, வாயத் தொறக்காத" என்றாராம். ஆதம் சிரித்தாராம். சிரிக்கிற விஷயமா அது?

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஈயமீன் செய்வார்கள். ஈயத்தை உருக்கி மீன் வடிவ அச்சில் ஊற்றி, அதற்குள்ளேயே தூண்டில்முள்ளின் தண்டைப் புதைத்து, வாலில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டால் ஈயமீன். பவளப்பாறை இறங்குகிற ஆழத்தில் விட்டுச் சுண்டிச் சுண்டி இழுத்தால் பாரை இரையென்று பாய்ந்து கவ்வும். ஈயம் உருக்கி ஊற்றுவது அவர் வேலை. முள் தேர்ந்தெடுப்பது வதீஃபா வேலை. ஈயம் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆதம் தக்குருவின் தோணியில்தான் அவரும் போய்க்கொண்டிருந்தார்.

தலைநகர் மாலேயிலிருந்து சரக்குத் தோணி கொண்டுவரும் பெட்டியில் எல்லா முள்ளும் பளபளவென்றுதான் இருக்கும். வதீஃபா அந்தப் பளபளப்பை மதிக்கவே மாட்டாள். வளைவைத்தான் பார்ப்பாள். கம்பியை உருண்டையாகவே வளைத்துவிட்டிருந்தால் தள்ளிவிடுவாள். வளைவின் இரண்டு பக்கமும் தட்டித் தட்டையாக்கியிருந்தால் மடியில் போட்டுக்கொள்வாள். பிறகு அரத்தை லேசாக வைப்பாள். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் இரும்பு மெத்து, பாரை இழுத்தால் நிமிர்ந்துவிடும். அரம் ஒட்டவே ஒட்டாமல் வழுக்கினால் அது முறுக்குமாதிரி, ஒடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதை ஈரப்பலா மரத்தில் குத்தி, தண்டைக் குறடால் பிடித்து, காலை ஊன்றி இழுப்பாள். விட்டதும் பழைய வளைவுக்குத் திரும்பினால் அவர் கைக்குப் போகும். கொஞ்சம் திறந்தபடி நின்றுவிட்டால், கயிறு கோக்கும் காதுக்குக் கீழே அரத்தால் ஒரு கீறல் போட்டுப் பால்மாவு டப்பாவில் எறிந்துவிடுவாள். ரொம்பத் தடித்ததும் வேண்டாம் என்பாள், பாரையின் தாடையில் ஏறாது.

"கொஞ்சந்தானே தொறந்திருக்கு, அடிச்சு மடக்கிட்டா ஆச்சு" என்று நான் ஒருநாள் சொன்னதற்கு அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ஒருமுறை திறந்தது மறுபடி திறக்கும், அதை எந்த ஈயத்துக்குள்ளும் வைக்கக் கூடாது என்றாள். அவள் பேச்சு அவ்வளவுதான், அளந்துதான் வரும்.

மவ்லூத் விருந்துக்குக் கிழக்குத் தீவுக்காரர்கள் வருகிற வருஷம் அது. ஆதம் தக்குரு கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, விருந்தாளிகளுக்கு ஆள் உயரப் பாரை தன் கையால் வரும் என்று சவால் விட்டுவிட்டார். அதை என் வீட்டுக்காரர் எங்கள் முற்றத்தில் அவர் மாதிரியே மார்பை நிமிர்த்தி நடந்து நடித்துக்காட்டினார். வதீஃபா சிரித்துவிட்டாள். வேலிக்கு அந்தப்புறமிருந்து ஆதம் அதைக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை நின்றது. தன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டார், தன் சட்டையைத் தானே துவைத்தார், முள் வேண்டுமென்று அவளிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துப் பால்மாவு டப்பாவில் கையை விட்டு ஒரு முள்ளை எடுத்து, சுத்தியலால் தட்டி மடக்கி, ஈயம் ஊற்றிவிட்டார். கீறல் ஈயத்துக்குள் போய்விட்டது. சின்ன மீனுக்கென்று செய்ததை மற்ற ஈயமீன்களோடு அதே கூடையில் போட்டார், பிறகு மறந்தும் போனார். சத்தியமாக மறந்துதான் போனார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். இதெல்லாம் அப்போது எனக்கும் தெரியாது, அவர் வாயாலேயே பின்னால் கேட்டது.

விருந்துக்கு முந்தின நாள் பாரை கவ்வியது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். தோணிக்குக் கீழே பாய் விரித்ததுமாதிரி மின்னியதாம். கிழக்குத் தீவுக்காரர்களின் தோணி அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவர்கள் கண்ணெதிரே கயிறு தொய்ந்தது. மேலே வந்த ஈயமீனில் முள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கிழக்குத் தீவுத் தண்டேல், "தக்குரு, மீனுக்குச் சலாம் சொல்லி அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டானாம். கரைக்கு வரும்வரை ஆதம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே என் வீட்டுக்காரர் பயந்திருக்க வேண்டும்.

துறையில் பாதி ஊர் நின்றது, விருந்தாளிகளும் நின்றார்கள். வதீஃபா மீன் வாங்கக் கூடையோடு வந்திருந்தாள். அவர் அந்த ஈயமீனை அவள் காலடியில் வீசினார். "பாரு, நீ பொறுக்கிக் கொடுத்த லட்சணத்தை. வேணும்னுதானே செஞ்ச? ஊரோட சேர்ந்து சிரிச்சவதானே நீ?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அவள் குனிந்து எடுத்தாள். திறந்துகொண்ட வளைவின்மேல் கட்டைவிரலை வைத்து ஒருமுறை மெதுவாகத் தடவினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுடி, இரண்டு வார்த்தை எதிர்த்தாவது பேசுடி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஈயமீனை அவருடைய கூடையில் வைத்து, சிக்கியிருந்த சிவப்பு நூலைச் சரிசெய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் சொல்லிவிட்டார். எல்லோர் காதிலும் விழுகிறமாதிரி, கதீப் நிற்கும்போதே, மூன்றாவது தடவை.

சொன்ன மறு நொடியே அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரி. ஆனால் புத்தி வராமலே போவதில்லை, கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. விருந்தில் அவர் சாப்பிடவில்லை.

வதீஃபா இத்தாவுக்கு என் வீட்டில்தான் இருந்தாள். பிறகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஹாமித்துக்கு நிக்காஹ் ஆனாள். அவன் அதிகம் பேசாதவன், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், அவ்வளவுதான் குறை. ஆதம் அந்த ஈயமீனைத் தன் நிலைப்படியில் தொங்கவிட்டிருந்தார். யார் போனாலும் காட்டுவார். "அவ பொறுக்குன முள்ளு. இதனாலதான் என் குடும்பம் போச்சு." கேட்டுக் கேட்டு ஊருக்கே சலித்துவிட்டது. நானும் ஒருநாள், முள்ளை எதற்குத் திட்டுகிறீர்கள், நாக்கை அறுத்துத் தொங்கவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த பருவத்தில் ஈயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. நிலைப்படியில் தொங்கியதையும் எடுத்து உருக்கினார். ஈயம் வழிந்தோடியதும் முள் மட்டும் சட்டியில் கிடந்தது. காதுக்குக் கீழே அரத்தின் கீறல்.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கால் எதற்கு உருளும் என்று எனக்குத் தெரியுமே. டப்பாவில் கைவிட்டது, சுத்தியலால் தட்டியது, எல்லாவற்றையும் சொன்னார். பழைய துணியில் முடிந்த முள்ளை நீட்டினார்.

"அவகிட்ட குடு. தப்பு உன்மேல இல்ல, என்மேலதான்னு சொல்லு. அது தெரியாமத்தானே அவ போயிட்டா? தெரிஞ்சா மனசு கொஞ்சம் எறங்கும்ல? நான் ஒண்ணும் கேக்கல. ஹாமித் நல்லா இருக்கட்டும். ஆனா காலம்னு ஒண்ணு இருக்கே."

காலம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது, ஹாமித்தும் ஒருநாள் விட்டால் என்கிற கணக்கு. திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு முள்ளை வாங்கிக்கொண்டேன்.

வதீஃபா சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துணியைப் பிரித்து முள்ளை அவள் முன்னால் வைத்தேன். கீறலைக் காட்டினேன். அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முள்ளைத் தொடவில்லை.

"அன்னைக்கே தெரியும்" என்றாள். "நல்ல முள்ளு தொறந்தா சீரா தொறக்கும். அடிச்சு மடக்குனது அடிபட்ட எடத்துல கோணிக்கிட்டுத் தொறக்கும். வெரல வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது நான் ஒதுக்குனதுன்னு."

"அடிப்பாவி, அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. அத்தன பேர் முன்னால மனுஷன் வாயடைச்சுப் போயிருப்பாரே."

"ஆமா" என்றாள். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு. அதனாலதான் சொல்லல."

முள்ளை மறுபடி துணியில் முடிந்துகொண்டு வந்தேன். வழியெல்லாம், சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் சாகிற வரைக்கும் என் வாசலில் நின்று செருப்பை உருட்டுவார். அதனால் சொன்னேன், அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன்.

ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாலேயிலிருந்து வந்த புதுப் பெட்டி, அவளுடைய அரம். அரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொல்லும்போது என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?"

"தேங்கா துருவிக்கிட்டிருந்தா, தக்குரு."

"கைய நிறுத்துனாளா?"

"இல்ல" என்றேன். "நிறுத்தல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து, வளைவில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.