சம்பந்தி வீட்டுப் பழமைவாதம்

மதுரையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். பழமைவாதம் பற்றிய பாடம் வந்தால், அதில் பல ரகம் உண்டு என்றுதான் தொடங்குவேன். பழைய காலமே திரும்பி வர வேண்டும் என்பவர்கள் ஒரு ரகம். மாற்றம் வரட்டும், ஆனால் எதையும் இடிக்கும் முன் அது எதற்காக இருக்கிறது என்று யோசிப்போம் என்பவர்கள் இன்னொரு ரகம். வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது, குடும்ப விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் உண்டு. இத்தனை பேருக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டு, அதையும் பெரும்பாலும் திட்டுவதற்கே பயன்படுத்துகிறோம்.

போன வருஷம் என் மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்ய விரும்புவதாகச் சொன்னாள். நாங்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம், திருப்பரங்குன்றத்தில் ஜவுளிக்கடை.

"பையன் தங்கமானவன்மா. அவுங்க அப்பாதான் ரொம்ப கன்சர்வேட்டிவ்" என்றாள்.

வகுப்பில் பிரித்துப் பிரித்துச் சொன்னதெல்லாம் எங்கே போனதோ. அந்த மனிதர் என் பிள்ளையைப் பெயர் மாற்றச் சொல்வார், ஞாயிறு ஆராதனைக்கு விட மாட்டார் என்று நானே ஒவ்வொன்றாகக் கற்பனை செய்துகொண்டேன்.

என் கணவர் வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்கத் தொழிற்சங்கக்காரர். மேடையில் கலப்புத் திருமணத்தை ஆதரித்துப் பேசியவர். அவர் சொன்னார்: "நான் குறுக்க நிக்கலை. ஆனா தாலி கட்டுறது சர்ச்சுலதான்."

"யூனியன்ல பேசுனதெல்லாம்?"

"அது வேற, இது வேற."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்து நானும் கணவரும் பையன் வீட்டுக்குப் போனோம். பையனின் அப்பா வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். நெற்றியில் நாமம், மடிப்புக் கலையாத வேட்டி. உள்ளே திரும்பி மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார், காபி வந்தது. என் கணவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பையனின் அப்பாவே தொடங்கிவிட்டார்.

"டீச்சர், நான் பழைய ஆளு. உங்க பொண்ணு சொல்லியிருக்கும்."

"சொன்னா" என்றேன்.

"எங்க சாமி எனக்கு அம்புட்டு பெருசு. நம்பிக்கை இல்லாத பிள்ளைய அக்கினி முன்னாடி உக்கார வச்சு, அர்த்தம் தெரியாம மந்திரம் சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை. அதே மாதிரி உங்க சர்ச்சுல எம் பையன் சும்மா பேருக்கு முழங்கால் போடவும் வேணாம். அது உங்க சாமிக்கு மரியாதை இல்ல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுக்குவோம். அவுங்கவுங்க சாமிய அவுங்கவுங்க கும்பிடட்டும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் எதிர்பாக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு. பேரப்பிள்ளைக வந்தா, எங்கூட எங்க பாஷைல பேசணும். வீட்டுல பேசாட்டி அது எங்க இருக்கும், சொல்லுங்க. அவுங்க தமிழும் பேசட்டும், இங்கிலீஷும் பேசட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பயந்த ஆள் இவர்தானா என்றிருந்தது. பழக்கத்துக்காக அல்ல, அதில் உள்ள நம்பிக்கைக்காகத்தான் அவர் சடங்கைக் காத்தார். அதனாலேயே என் மகளை அதற்குள் இழுக்கவில்லை. எந்த முற்போக்குக்காரரும் எங்களுக்கு இதைவிட நல்ல வழி சொல்லியிருக்க முடியாது.

என் கணவர் மெதுவாக நிமிர்ந்தார். "அண்ணே, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம். சாப்பாடு மட்டும் எங்க பொறுப்பு."

"சைவமா இருந்தா சரி" என்று அவர் சிரித்தார்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கணவர் தூங்கிவிட்டார். நான் மகளுக்குப் போன் செய்து, "கவலைப்படாம சாப்பிட்டுத் தூங்கு" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தை மாதம் பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்தை முதலில் போட்டவர் சம்பந்திதான். இப்போது மகள் அவர்கள் மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுகிறாள்; வீடே சிரிக்கிறதாம்.