துண்டுக்கடியில் பிரெஞ்சு

போடியில் நான் சந்தித்த ஏலக்காய் வியாபாரிக்கு ஐம்பது வயதில் பிரெஞ்சு மேல் ஆசை வந்தது. புதுச்சேரியில் படித்துவிட்டு அந்த ஊருக்கு வங்கி வேலைக்கு வந்திருந்த நான்தான் மாட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடம். அவருக்குக் கனத்த உடம்பு, தோளில் துண்டு. எதைக் கேட்டாலும் ஓர் ஏலக்காயை நகத்தால் கீறி முகர்ந்த பிறகுதான் பதில் வரும்.

'கி', 'தோன்' என்ற இணைப்புச் சொற்களில் தகராறு வந்தது. தமிழுக்கு நேர்மாறாக, பிரெஞ்சில் ஏலக்காயை முதலில் சொல்லிவிட்டு, மலையில் விளைந்தது, வாசனை குறையாதது என்பதையெல்லாம் அந்தச் சொற்களால் பின்னால் கோக்கவேண்டும்.

"சரக்கை மொதல்லயே காட்டிட்டா அப்புறம் பெருமையை எவன் சார் கேப்பான்?" என்றார். ஆனாலும் முட்டி மோதி, மூச்சுவிடாமல் சொல்ல ஒரு நீள வாக்கியத்தைத் தேற்றிவிட்டார்.

ஒருநாள் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கடைக்கே வந்தார். வாத்தியார் பெருமையோடு நான் காத்திருந்தேன். இவரோ கடைத்தெரு வழக்கப்படி துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசினார். முதலில் மிரண்ட வெள்ளைக்காரரும் பதிலுக்கு அமுக்கினார். வியாபாரம் முடிந்தது.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

"வெலையை வாயால சொல்வாகளா? பக்கத்துக் கடைக்காரன் கேட்டுருவான்ல."

"பக்கத்துக் கடைக்காரருக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே!"

காயை முகர்ந்தார். "யாரு கண்டா சார்? அவனும் எங்கனயாவது படிப்பான்."

எப்படி மோப்பம் பிடித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தினமும் காலையில் என்னிடம்தான் படித்துக்கொண்டிருந்தார்.