கூட்டம் கேட்காத செல்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் எடுக்கும் பாடத்தில் எனக்குப் பிடித்தவை, நோயை எதிர்க்கும் டி செல்கள். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் படிக்கப் போகும். அங்கே உடம்பின் சொந்தப் புரதத் துணுக்குகளைக் காட்டிப் பார்ப்பார்கள். சொந்தத்தோடு மல்லுக்கு நிற்பவற்றுக்கு அங்கேயே கதை முடியும். தப்பித்து வெளியே வருபவற்றை அடக்கிவைக்க வேறு டி செல்கள் உண்டு.

அன்னூர்ப் பிள்ளைகளுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டமுங்க?" கூட்டம் என்பது எங்கள் குலப்பிரிவு. இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துகொள்ள வேண்டியதுதான். தைமஸில் நடப்பதும் இந்த விசாரணைதான், சொந்தம் என்று தெரிந்தால் தொடக் கூடாது என்பேன்.

இப்படி வாய் கிழியப் பேசிய எனக்கே காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி கொட்டியது. "உங்க டி செல்லே முடி வேரைத் தாக்குதுங்க மேடம்" என்றார் கோவைத் தோல் டாக்டர். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. மாதாமாதம் தலையில் ஊசி, ஆறு மாதமாக.

அப்போதுதான் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. அம்மா நாலு முழம் மல்லிகையைச் சுற்றி அந்த இடத்தை மூடினாள். "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்பறமாச் சொல்லிக்கலாம்." மறைத்தால் காலமெல்லாம் பூவும் பொய்யுமாகத் திரிய வேண்டும். சொன்னால் வரன் போய்விடும். போட்டோவில் பார்த்தபோதே மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது.

பெண் பார்க்க வந்த பெரியவர்கள் எந்தக் கூட்டம், எந்தக் குலதெய்வக் கோயில், பாட்டன் வழி எது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். தலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தனியாகப் பேசச் சொல்லி மாப்பிள்ளையையும் என்னையும் பின்கட்டுக்கு அனுப்பியதும், பூவை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றேன். தைமஸில் தொடங்கி ஊசி வரைக்கும் முழுப் பாடமும் நடத்தினேன். "என் செல்லுகளுக்குக் கூட்டம் கேக்கத் தெரியலீங்க" என்றுகூடச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தலையில ஊசி போட்டா ரொம்ப வலிக்குமுங்களா?" என்றார்.

முடி முளைக்குமா, எப்போது முளைக்கும், அதற்குள் யாருக்காவது தெரிந்துவிடுமா என்றுதான் வீட்டில் இத்தனை மாதமாகக் கேட்டிருந்தார்கள். வலிக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

"வலிக்குமுங்க" என்றேன். அதற்கு மேல் பாடம் நடத்த முடியவில்லை. அழுதுவிட்டேன்.