செக்ரட்டரி விட்டுக்கொடுத்த ஆட்டம்

சாயங்கால ரயிலில் வரும் இங்கிலீஷ் பத்திரிகைக்குத் தனி வாடை உண்டு. அச்சு மையும் ரயில் கரியும் கலந்த வாடை. இன்றைக்கும் எங்காவது பழைய காகிதத்தைப் பிரிக்கும்போது அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். காரைக்குடியில் பெரிய மனிதர்கள் கூடுகிற ஒரு கிளப்பில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து பத்திரிகை வந்ததும் அதைப் பிரித்து, நின்றுகொண்டே, செய்திகளைத் தமிழில் சொல்ல வேண்டும். வருகிறவர்களெல்லாம் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து ஆண்டவர்கள். பேசினால் இங்கிலீஷ் ஓரளவு காதில் ஏறும், எழுத்தாகப் பார்த்தால் எட்டாது. ரங்கூன் அரிசி விலையும் கப்பல் வரவும் சொல்லி முடித்த பிறகு, வெற்றிலை போடுகிற நேரத்துக்கு விளையாட்டுச் செய்தி கேட்பார்கள். என் தலையெழுத்தைப் புரட்டியது அந்தப் பக்கம்தான்.

கிளப்புக்குச் செக்ரட்டரி ஒருவர் இருந்தார். ரங்கூனில் மரக்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். நல்ல உயரம், நல்ல குரல். எதற்கும் சிரிப்பார். எதிரே இருப்பவன் அழுகிற விஷயமாக இருந்தாலும் சிரிப்பார். ஒருநாள் கிரிக்கெட் ஆட்டச் செய்தி ஒன்றை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் மட்டையைக் கண்ணால் கண்டவர் கிடையாது. 'அவுட் ஃபார் எ டக்' என்று போட்டிருந்ததை, இன்னார் வாத்துக்காக வெளியே போனார் என்று சொல்லிவிட்டேன். ரங்கூன் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர் செக்ரட்டரி. அவருக்கு வசமாக மாட்டினேன். "எதுக்குடா, முட்டை வாங்கவா போனான்? ஒரு ரன்னும் எடுக்காமத் திரும்பி வாரதுக்குப் பேரு வாத்துடா" என்றார். கூடம் அதிர்ந்தது. அந்தமட்டில் விட்டிருந்தால் நானும் அசடு வழிந்துவிட்டு மறந்திருப்பேன்.

அன்றைக்கு என் அப்பாவும் அங்கே இருந்தார். அவர் தச்சாசாரி. கிளப்பின் பக்கக் கதவு மழையில் ஊறி இறுகிப்போனதால் அதைக் கழற்றிப் போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அவரைக் கூப்பிட்டார். "ஏய் ஆசாரி, ஒம் மகன் கையில உளியைக் குடுத்திருந்தீன்னா பொழைச்சிருப்பான். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல போட்டு வாத்து மேய்க்க விட்டுட்டியே!" மறுபடியும் சிரிப்பு. அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். என்னைப் படிக்கவைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த மனிதரைத் தன் மகனைப் பார்த்துத் தானே சிரிக்கும்படி செய்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நான் வேகமாக முன்னால் நடந்தேன். "விடுப்பா, பெரிய மனுசக பேச்சு, காதுல வாங்கிக்கிட்டுப் போகவேண்டியதுதான்" என்றார் அப்பா. நான் விடுவதாக இல்லை. அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், அதே இங்கிலீஷை வைத்தே செக்ரட்டரியின் முகத்தில் கரி பூசுவது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் விளையாட்டு இங்கிலீஷ் படித்ததுபோல் யாரும் பரீட்சைக்குக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். கிளப்பின் பரணில் பழைய பத்திரிகைக் கட்டுகள் கிடந்தன. மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். வெள்ளைக்காரன் தன் பாஷையில் பாதியை மைதானத்தில்தான் வைத்திருக்கிறான் என்பது அங்கே உட்கார்ந்தபோது தெரிந்தது. குத்துச்சண்டையில் அடி தாங்காதவனுக்காக அவன் ஆள் துண்டை வீசி எறிந்தால் 'த்ரோ இன் த டவல்'. மைதானத்துக்குப் போகாத வியாபாரி கடையை இழுத்து மூடினாலும் அதே வார்த்தைதான். ஓட்டக்காரன் கோட்டில் விரல் பதித்து நிற்பது 'டோ த லைன்'. சொன்ன பேச்சுக் கேட்கிற குமாஸ்தாவுக்கும் அதுவே. 'கிவ்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் 'அப்' வந்தால் ஒன்று, 'இன்' வந்தால் ஒன்று, 'அவே' வந்தால் வேறொன்று. இந்த வால்களைப் பிடித்து வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஆனால் 'ஹிட் பிலோ த பெல்ட்' என்பதை மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே அடிப்பது. என் அப்பாவை அடித்த இடம் அதுதான்.

தெருவில் நடக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்தபடி முணுமுணுப்பேன். ஆத்தா பயந்துவிட்டாள். ஏதோ காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று என்னைப் பிள்ளையார்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சந்நிதியிலும் நான் 'ப்ளே த கேம், ப்ளே த கேம்' என்று உருப்போட்டேன். நேர்மையாக நட என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரர்கள் எப்படிக் குதிக்கிறார்கள் என்பதையும் அந்தப் பழைய பத்திரிகைகளில்தான் படித்தேன். வேண்டுமென்றே தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன் ஒருவனைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெயித்தவனையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருந்தார்கள். தோற்பதைவிடத் தோற்றுக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய அவமானம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கிளப்பில் புதிதாக டென்னிஸ் மைதானம் போட்டார்கள். திறந்துவைக்க ஜில்லாவிலிருந்து ஒரு துரை வருவதாக ஏற்பாடு. துரைக்கு டென்னிஸ் என்றால் உயிராம். செக்ரட்டரிக்கு நெடுநாளாக வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்கும் 'ராவ் சாகிப்' பட்டத்தின்மேல் ஒரு கண் இருந்தது. டென்னிஸும் நன்றாக ஆடுவார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். துரையோடு அவரே ஆடுவது என்று முடிவானது. முதல்நாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "வீடு தேடி வந்த மனுசனைத் தோக்கடிச்சா அனுப்புறது? பந்தியில உக்காரவச்சுட்டு இலையைப் பாதியில எடுக்கிற மாதிரியில்ல ஆகிப்போகும்? ஆட்டம் அவருக்குத்தான். நான் பாத்துக்கிறேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் தப்பு இருப்பதாக எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. சம்பந்தி வீட்டார் வந்தால் சீட்டாட்டத்தில்கூட அவர்களை ஜெயிக்கவைத்து அனுப்புகிற ஊர் இது. தப்பு என்று தெரிந்தவன் நான் ஒருவன். வாயைத் திறப்பேனா?

இங்கிலீஷில் புள்ளி சொல்ல வேறு ஆள் இல்லாததால் என்னை உயர நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தேன். செக்ரட்டரி பிரமாதமாகத் தோற்றார். வரவேண்டிய பந்துக்கு ஒரு கை தூரம் தள்ளி ஓடுவார். நன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் வலையில் கொண்டுபோய்ப் போடுவார். துரை முகம் சிவந்து, சட்டை நனைந்து, சின்னப் பிள்ளைபோல் குதித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து கை குலுக்கியபோது அந்த மனிதருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு இப்படி ஜெயித்தேன் என்றார். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை.

உள்ளே மேஜை போட்டு, மதராஸ் சமையல்காரன் செய்த கட்லெட்டும், எங்கள் ஊர் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் பரப்பியிருந்தார்கள். துரை நாற்காலியில் உட்கார்ந்து துணியை மடியில் விரித்தார். அப்போதுதான் செக்ரட்டரி அந்தக் காரியத்தைச் செய்தார். இலையில் நெய் ஊற்றிவிட்டு, இது நம்ம வீட்டு மாட்டு நெய் என்று சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர்களால் இருக்க முடியாது. செய்த உபசாரம் விருந்தாளிக்குத் தெரிய வேண்டும். செக்ரட்டரி என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அவருக்காகத்தான் ஆட்டத்தை விட்டுக்குடுத்தேன்னு தொரைகிட்டச் சொல்லு. பக்குவமாச் சொல்லு" என்றார்.

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். தங்கள் வருகையே எங்களுக்கு வெற்றி என்று பூசி மெழுகியிருக்கலாம். வேண்டாம் ஐயா, இவர்களிடம் இதைச் சொல்லக்கூடாது என்று செக்ரட்டரியின் காதில் போட்டிருக்கலாம். நான் நிமிர்ந்து நின்று, "ஹி த்ரூ த மேட்ச், சார், அவுட் ஆஃப் ரெஸ்பெக்ட்" என்றேன். 'த்ரூ த மேட்ச்' என்பது, காசு வாங்கிக்கொண்டு தோற்கிறவனைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகிற வார்த்தை. ஆனாலும் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

துரை என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி கைகூப்பி, பல்லெல்லாம் தெரிய, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். துரையின் முகத்திலிருந்த சிவப்பு இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மடியிலிருந்த துணியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தட்ஸ் நாட் கிரிக்கெட்" என்றார். ஆடியது டென்னிஸ்தான்; ஆனால் நேர்மையில்லாத எதற்கும் அவர்கள் வாயில் வருவது அந்த வார்த்தைதான். எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், கார் ஏறிப் போய்விட்டார். பரிமாறியது பரிமாறியபடி கிடந்தது. விருந்தாளி சாப்பிடாமல் எழுந்து போவதைவிடக் கேவலம் எங்கள் ஊரில் வேறில்லை. செக்ரட்டரி வாசல்வரை ஓடினார். நான் பணியாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு குளிர்ந்துபோயிருந்தது.

அந்தக் குளிர்ச்சி மறுநாள் காலைவரை நிலைக்கவில்லை. செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்டுபிடித்துவிட்டார், வேலை போயிற்று என்று சந்தோஷமாகவே போனேன். அவரோ என் தோளில் தட்டினார். "நீ சரியாத்தான் சொன்னடா. அந்தப் பயலுக்குத்தான் மருவாதி தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். ஊரும் அதையே சொன்னது. போட்ட சோற்றைத் தள்ளிவிட்டுப் போனவன் என்று துரையைத்தான் ஏசினார்கள். துரை முன்னால் நடுங்காமல் இங்கிலீஷ் பேசினேன் என்பதற்காகச் செக்ரட்டரி தமக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து எனக்குப் பள்ளிக்கூட உத்தியோகமும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை முகத்தில் விட்டெறிந்திருப்பேன். அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு காலம் மாறியது. ராவ் சாகிப் பட்டம் செக்ரட்டரிக்கு வரவே இல்லை. சுதந்திரம் வந்தபின் அந்தக் குறையே அவருக்குக் கிரீடமாகிவிட்டது. வெள்ளைக்காரனைச் சோறில்லாமல் துரத்தியவர், பட்டம் வேண்டாம் என்று உதறியவர் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். அவரும் மறுக்காமல் சிரித்துக்கொண்டே மாலை வாங்கிக்கொண்டார், சாகிறவரைக்கும். நான் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டினேன். உள்ளே எரிந்தது.

போன மாதம் அவருக்குப் படத்திறப்பு விழா நடத்தினார்கள். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவன் நான்தான் என்பதால் பேசக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் அவர் மகன் எனக்குப் போர்த்தப் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டத்துக்கு ஆசைப்பட்டு வெள்ளைக்காரனிடம் தோற்றுக் கொடுத்ததைச் சொன்னேன். துரையைத் துரத்தியது அவரில்லை, ஆசாரி மகனான நான் என்று சொன்னேன். என் அப்பாவிடம் அவர் பேசிய பேச்சை, அவர் குரலிலேயே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

கீழே இறங்கியபோது மகன் வழிமறித்தார். அவருக்கும் நரைத்துவிட்டது. "எங்கப்பச்சிதானய்யா ஒங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்தாக? ஒரு மனக்கொறைன்னா அவுக இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல? செத்துப்போன மனுசனை நடுச்சபையில வச்சு இப்பிடிப் பண்ணிட்டீகளே" என்றார்.

"அவுக இருக்கும்போது சொல்லியிருந்தா, கெட்டிக்காரப் பயடா நீன்னு சிரிச்சிருப்பாக. அதுக்குத்தான் சொல்லலை" என்றேன்.

அவர் முகம் சுருங்கியதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினேன்.