கூடம் பூரா முல்லை

ரத்தினபாய் டீச்சரிடம் யாராவது வாசனை எண்ணெய்ச் சீசாவை நீட்டி, "எப்படி இருக்குன்னு மோந்து பாருங்க" என்றால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். சீசாவில் மோந்து பார்ப்பது, போட்டோவைப் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரி என்பாள். எண்ணெயைத் தோலில் வைக்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கம், நாடி துடிக்கிற இடத்தில், ஒரே சொட்டு. வைத்தபின் தேய்க்கக் கூடாது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, காற்று கலைக்காமல் காத்திருக்க வேண்டும். வைத்தவுடன் ஒன்று, ஒரு காபி குடித்து முடிக்கிற நேரத்தில் ஒன்று, படுக்கப் போகும்போது இன்னொன்று என்று மூன்று தடவை அது ஆள் மாறும். மூன்றையும் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்கிறவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை.

சேலையூரில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மாடம்பாக்கம் போகும் சாலையில் அடுக்குமாடி வீடு. ஆளுக்கு ஒரு பைத்தியம் உண்டு, இவளுக்கு இது. வேலையில் இருந்தபோது மாதச் சம்பளம் வந்ததும் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குள் இருக்கும் அத்தர் கடைக்குப் போய், கண்ணாடிக் குச்சியால் கையெல்லாம் தொட்டுக்கொண்டு வருவாள். கணவர் வில்பிரட் உயிரோடு இருந்தபோது, "கடையில பாதி உன் கையிலதான் வருது" என்று கேலி செய்வார். சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடிக்கிறவர்களும் உண்டு, மூன்று பெஞ்சு தள்ளிப் போகிறவர்களும் உண்டு.

ஒவ்வொரு எண்ணெயைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சந்தனம் அவள் தோலில் முதலில் காய்ச்சின பால், பிறகு சீவின பென்சில். ரோஜா அவளுக்குச் சரிப்படாது, அரைமணியில் புளித்துவிடும். அதே ரோஜா ஸ்டாஃப் ரூமில் இன்னொரு டீச்சர் கையில் கல்கண்டு மாதிரி இருந்ததை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. ஊத் என்கிற அகில் எண்ணெய் வைத்தவுடன் மாட்டுத் தொழுவம், பொறுத்திருந்தால் பழைய மர பீரோவைத் திறந்தது போல ஒரு நிதானம். மகிழம்பூ மட்டும் காலையில் வைத்தது ராத்திரிவரை அப்படியே இருக்கும், குணம் மாறாது. உடம்புச் சூட்டில்தான் எண்ணெய் பேசும், ஒவ்வொரு உடம்பிலும் வேறு பேச்சு பேசும் என்று அவள் பாடம் நடத்தினால் கேட்கிறவர்களுக்கே கையை நீட்டத் தோன்றும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்து மூக்கு போயிற்று.

ஊரில் பலருக்கும் போனதுதான், பலருக்கும் திரும்பி வந்தது. இவளுக்கு வரவில்லை. குரோம்பேட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், "தினமும் வாசனைப் பொருளை மோந்து பாருங்க. மோந்து பார்க்கும்போது அந்த வாசனை எப்படி இருக்கும்னு மனசுல நினைச்சுக்கோங்க. யாராவது பக்கத்துல இருந்து வர்ணிச்சாலும் நல்லது. மூளை மெதுவா வழி கண்டுபிடிக்கும்" என்றார். மகள் ஜெனியிடம் கையை நீட்டினாள். கேளம்பாக்கம் பக்கத்தில் ஐ.டி. வேலை முடிந்து, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் வதங்கி வீடு வந்து சேர்கிற பெண். "நல்லாருக்கும்மா" என்பாள். எதை வைத்தாலும் நல்லாருக்கும்மா. அழுத்திக் கேட்டால் தலைவலி என்பாள். ரத்தினபாய் கையை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் மேல்வீட்டு லோகநாயகி அவளுக்கு மூக்காக வந்தாள்.

லோகநாயகி அதுவரை மாடிப்படியில் சிரிக்கிற சிநேகிதம்தான். கணவர் தோத்தாத்ரி வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டையும் கிளையாகவே நடத்துகிறவர். லோகநாயகி அதிகம் பேசமாட்டாள். ஆனால் ரத்தினபாய் முதல்முறை சந்தனத்தை வைத்துக் கையை நீட்டியபோது, அவள் குனிந்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்து, "கோவில்ல சந்தனம் அரைக்கறச்சே கல்லுல தண்ணி தெளிப்பா பாரு, அந்தக் கல்லோட குளிர்ச்சி இருக்கு ரத்னா" என்றாள். ரத்தினபாய்க்கு மெய் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் தனக்கே தோன்றாத வர்ணனை.

அதன்பின் சனிக்கிழமை மாலைகள் லோகநாயகி வீட்டுக் கூடத்தில்தான். தோத்தாத்ரி நடைப்பயிற்சிக்குப் போனதும் ஃபேன் நிற்கும், ஜன்னல் சாத்தப்படும், கைகள் நீளும். லோகநாயகி முதலில் சீசாவை வாங்கி மேலே ஒட்டியிருக்கும் பேரைப் படிப்பாள். பிறகு மோப்பாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காபிப்பொடி டப்பாவைத் திறந்து மோந்து மூக்கைத் துடைத்தெடுப்பாள், அதுவும் ரத்தினபாய் கற்றுக்கொடுத்ததுதான். காபிக்குப் பாலை வைத்தால் பொங்குகிறவரை அடுப்பை விட்டு அசையமாட்டாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று ரத்தினபாய் மெச்சிக்கொள்வாள்.

ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ரத்தினபாய்க்கு ஓர் ஆசை வந்தது. அன்றைக்குச் சர்ச்சில் தான் பூசிக்கொண்டு நிற்கப்போகிற எண்ணெய் தனக்கே மணக்க வேண்டும். மகளைக் கட்டிப்பிடித்து அனுப்புகிற நேரத்தில் தன் கையில் என்ன வாசனை என்றுகூடத் தெரியாமல் மரமாக நிற்க அவளுக்குச் சம்மதமில்லை. சீசா சீசாவாக வாங்கினாள். தினமும் காலையில் டாக்டர் சொன்னபடி உட்கார்ந்து, லோகநாயகியின் வார்த்தைகளை ஜெபம் போல முணுமுணுத்துக்கொண்டு மோந்தாள். ஒன்றும் வரவில்லை.

முல்லை வந்த சனிக்கிழமைதான் எல்லாம் மாறியது. அத்தர் கடையில் புதிதாக வந்திருந்த சின்னச் சீசா. லோகநாயகி பேரைப் படித்துவிட்டு, மணிக்கட்டில் மூக்கை வைத்துச் சொன்னாள்: "பூக்காரி கூடையில ஈரத்துணி மூடியிருப்பாளே, அந்தத் துணியை இப்பத்தான் எடுத்திருக்கா. மொட்டு இன்னும் விரியலை." ரத்தினபாய் தன் கையை இழுத்து மோந்தாள். எங்கேயோ தூரத்தில், நூலிழை போல, ஏதோ ஒன்று. மறுபடி மோந்தாள். இருந்தது. ஈரத்துணியும், அதற்குள் பச்சையாக ஒரு பூவும்.

"லோகா, தெரியுது எனக்கு" என்றாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். லோகநாயகியும் அழுதாள். வில்பிரட் போனதற்குப் பிறகு ரத்தினபாய் இன்னொருத்தி தோளில் முகம் வைத்து அழுதது அன்றைக்குத்தான்.

கல்யாணத்துக்கு முல்லைதான் என்று முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை மாதிரி. கல்யாணப் புடவையின் மேல் எண்ணெய் எப்படி நிற்கிறது என்று பார்க்கப் பட்டுப்புடவையைக்கூட எடுத்துப் போயிருந்தாள். வழக்கம்போல ஜன்னல்கள் சாத்தியாயிற்று. லோகநாயகி பாலைச் சிறுதீயில் வைத்துவிட்டு அடுப்பண்டை நின்றாள். ரத்தினபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை.

"லோகா, சீக்கிரம் வா, இப்பதான் மாறுது" என்று கூப்பிட்டாள்.

லோகநாயகி ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு வந்தாள். வந்தவளை ரத்தினபாய் விடவில்லை. ஒரு மணிக்கட்டு, இன்னொரு மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, புடவைத் தலைப்பு. பேச்சு கல்யாணப் பந்திக்குத் தாவியது, அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்கு. லேசாகத் தலை கிறுகிறுத்தது. புழுக்கம் என்று நினைத்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

லோகநாயகி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். "இப்பத்தான் நன்னா விரியறது ரத்னா. கூடம் பூரா முல்லைதான்."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தோத்தாத்ரி ஒரு காலை உள்ளே வைத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கேஸ் நாத்தம் குடலைப் பிடுங்கறது. ரெண்டு பேரும் என்ன பண்ணிண்டிருக்கேள்? ஸ்விட்சைத் தொடாதேங்கோ" என்று சமையலறைக்கு ஓடினார். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் சிலிண்டரை மூடி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இருவரையும் பால்கனிக்குத் தள்ளினார். "டீச்சருக்குத்தான் மூக்கு இல்லை. நோக்கு என்னடி வந்தது?" என்று மனைவியைக் கேட்டார்.

லோகநாயகி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அடுப்பை விட்டு அசையாதது, பேரைப் படித்துவிட்டு மோப்பது, காபிப்பொடி டப்பா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தினபாய்க்குப் புரிந்தது. இவ்வளவு நாள் பாடம் எடுத்த நமக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அவமானமாக இருந்தது.

தோத்தாத்ரி உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டாள். "கூடம் பூரா முல்லைன்னு சொன்னியே லோகா."

"நோக்கு வந்த அதே ஜுரம்தான் நேக்கும். நோக்கு முன்னாடியே வந்தது" என்றாள் லோகநாயகி. "இவர்கிட்ட சொல்லலை. சொன்னா சமையல்ல தினம் ஒரு குத்தம் கண்டுபிடிப்பார். நீ வந்து கையை நீட்டினே, என்ன தோணறதுன்னு கேட்டே. இந்தாத்துல என்னை யாரு அப்படிக் கேட்டிருக்கா? முதல் நாளே இல்லைன்னு சொல்லியிருக்கணும். வாய் வரலை. அப்புறம் சொல்ல வழியே இல்லாம போச்சு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நிலையில் ரத்தினபாய் இல்லை. புடவையை மடித்துக்கூட எடுக்காமல், சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். ஏமாந்தது போதாதென்று ஏமாற்றினவளின் வாயால் வந்ததை ஜெபம் போலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த நினைப்புதான் அவளை அதிகம் அறுத்தது.

ஒன்றே ஒன்றைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். லோகா பொய்யாக இருக்கட்டும், முல்லை பொய்யில்லை. அதைத் தன் மூக்கால் மோந்தாள், தான் மட்டும். ஜெனி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மணிக்கட்டை நீட்டினாள்.

"நல்லாருக்கும்மான்னு சொல்லாத. என்ன வாசனைன்னு சொல்லு."

ஜெனி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு உண்மையாகவே குனிந்து மோந்தாள். "வெட்டிவேர்தானேம்மா. பானைத் தண்ணியில போட்டு வைப்பாங்களே, அது."

"முல்லை இல்லையா?"

"பூ வாசனையே இல்லம்மா இதுல. வேரு, மண்ணு, அதுதான்."

மறுநாள் அத்தர் கடைக்காரர் சீசாவைத் திறந்து ஒரு தரம் மோந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க டீச்சர். வெட்டிவேர் சீசாவுல முல்லை ஸ்டிக்கர் ஒட்டிட்டோம். கையோட மாத்திக் குடுத்துடறேன். இதைப்போய் உங்களுக்கு மாத்திக் குடுத்தேனே, நீங்க வாசல் தாண்டறதுக்குள்ள கண்டுபிடிச்சிருப்பீங்களே" என்றார். ரத்தினபாய் சிரிக்க முயன்றாள். மாற்றிக்கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமலே வந்துவிட்டாள். மார்க்கெட் நெரிசலில் யாரோ இடித்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. தன் மூக்கு தனக்கு வந்ததாக நினைத்து அழுதது ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து ஒருத்தி சொன்ன கதையைக் கேட்டு. லோகாவை நம்பியதையாவது யாரிடமாவது சொல்லித் திட்டலாம். தன்னையே நம்பியதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

சனிக்கிழமை லோகநாயகியே கீழே இறங்கி வந்தாள். கதவு திறந்திருந்தது. வந்தவள் பழக்கதோஷத்தில் ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டை நீட்டினாள். அதில் எண்ணெய் பளபளத்தது.

"ஜெனி கல்யாணத்துக்கு நானே கடைக்குப் போய் வாங்கினேன்" என்றாள். "நான் சொன்னதெல்லாம் பொய்தான் ரத்னா. ஆனா அந்தப் பொய்யைக் கேட்டுண்டுதான் நோக்கு மூக்கு வந்தது. முல்லை தெரிஞ்சுதே, அழுதியே. அது பொய்யில்லையே. அதை நினைச்சுண்டுதான் நான் இந்த வாரம் பூரா தூங்கினேன். இனிமே நீ மோந்து சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

ரத்தினபாய் அவள் கையைப் பிடித்தாள். குனிந்தாள். கண்ணை மூடி, லோகநாயகி மோப்பது போலவே, நீளமாக மூச்சை இழுத்தாள். லோகநாயகி ஆவலாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கல் என்று சொல்லலாம், பூக்கூடை என்று சொல்லலாம். இவளிடமே கற்றுக்கொண்ட வார்த்தைகள் நிறைய இருந்தன.

"ஒண்ணும் தெரியலை லோகா" என்றாள். "அன்னைக்கும் தெரியலை. அந்தச் சீசாவுல இருந்தது வெட்டிவேர். கடைக்காரர் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டாராம்."

லோகநாயகி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ரத்தினபாய் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டாள்.