மெழுகுதிரி நெருப்பில் வெந்த கோழி

போன கிழமை சின்ன மகள் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவளும் சிநேகிதிகளும் வேல்ஸ் பக்கம் போவதற்கு ஒரு காம்பர் வான் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். வானின் விலாவில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே காஸ் குழாய் பூட்டுகிற வாய். மடித்துத் தூக்குகிற பாபிக்யூ அடுப்பு ஒன்றைக் கமராவுக்கு முன்னால் ஆட்டிக்கொண்டு கேட்கிறாள்: "அம்மா, இதை வானின்ர காஸிலை கனெக்ட் பண்ணலாமோ?"

உலகத்தில் எத்தனையோ கேள்விகள் இருக்க, இதை என்னிடம் வந்து கேட்டிருக்கிறாள். வீடியோவில் மணம் வராது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கறுப்புக் குழாயைக் கண்டவுடன், அழுகின வெங்காயம் போன்ற காஸ் மணம் மூக்கில் ஏறிவிட்டது. அதோடு பற்களை நெருமுகிற பழைய பழக்கமும் வந்துவிட்டது. "அப்பாட்டைக் கேள்" என்று எழுதி அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வரும்போதும் இவர் அவளுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டேயிருந்தார்.

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். சொன்னால் எனக்கும் கொஞ்சம் எரிச்சல் ஆறும்.

அப்போது நாங்கள் லண்டன் ஹரோவில் இருந்தோம். இரட்டை வீடு, முன்னால் ஒரு கார் நிற்கக்கூடிய சீமெந்து முற்றம். அதில், உள்ளேயே சமைத்துப் படுக்கக்கூடிய ஒரு மோட்டர்ஹோமைக் கொண்டுவந்து நிறுத்தினார் என் கணவர். வீட்டு யன்னலுக்கு வெளிச்சமே வராத அளவு பெரிய, இருபது வயது கடந்த, மூலைகளில் பாசி பிடித்த வண்டி. அடுத்த கோடைக்குப் பிள்ளைகளை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப் போகப் போகிறாராம். "ஹொட்டல் காசு மிச்சம்" என்றார். எங்களுக்கு ஹொட்டலில் தங்குகிற வழக்கமே இல்லை என்பதைச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அடுத்த கோடை 2009.

அந்த வருடத்தைப் பற்றி நான் நீட்டத் தேவையில்லை. அம்மாவும் அப்பாவும் வன்னியில் இருந்தார்கள். நாங்கள் மெட்ரோபொலிட்டன் லைன் ரெயினில் ஏறி, மாறி, பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று கத்தினோம். தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தோம். வைகாசிக்குப் பிறகு கத்துவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. முகாமில் அப்பாவைப் போல ஒருவரைக் கண்டதாக யாரோ யாருக்கோ சொன்னது, நாலு வாய் கடந்து எங்களிடம் வந்தது. அம்மாவைப் பற்றி அதுவும் இல்லை.

என் அக்கா எங்களோடுதான் இருந்தாள். கலியாணம் கட்டவில்லை, கன வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள். ஆனி மாதத்தில் ஒருநாள், வீட்டில் எல்லாருமே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், ரெலிபோன் அடித்து ஓய்ந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் இலக்கம் இல்லாத ஓர் அழைப்பு. வெளிநாட்டு அழைப்பாக இருக்கலாம், கிரடிட் கார்ட் விற்கிறவனாகவும் இருக்கலாம். அது ஊரிலிருந்து வந்ததுதான் என்று அக்கா முடிவெடுத்துவிட்டாள். அம்மா, அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் இந்த வீட்டு இலக்கம்தான். அன்றையிலிருந்து அவள் வாசற்படி தாண்டவில்லை. பள்ளிக்கூடக் குசினியில் பார்த்த வேலையை விட்டாள். வயரில்லாத ரெலிபோனை நம்பமாட்டாள், சார்ஜ் போய்விடுமாம். பழைய வயர்ப் போனையே நடையில் வைத்து அதன் பக்கத்தில் இருந்தாள். யாரோடும் கதையில்லை. கேட்டதற்கு "ஓம்", இல்லாவிட்டால் "வேண்டாம்". சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் "வேண்டாம்".

இந்த வீட்டுக்குத்தான் ஆவணியில் ரொறன்ரோ அத்தான் வந்து இறங்கினார். அவர் இவரின் அக்காவின் கணவர். முறைப்படி எனக்கு அண்ணை, ஆனால் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் அவர் ரொறன்ரோ அத்தான். சூட்கேசில் இரண்டு காற்சட்டை, மிச்ச இடம் முழுவதும் ஒரு பாபிக்யூ அடுப்பு. பெட்டி உடைக்காத புத்தம் புதிய அடுப்பு. ஸ்கொட்லாந்துக்குப் போகிற திட்டம் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இல்லை என்று இவர் அவருக்குச் சொல்லவேயில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எப்பிடிச் சொல்லுறது?" என்றார். ரெலிபோனில்தான் சொல்கிறது, வேறு எப்படி?

அத்தான் அக்காவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். "பிள்ளை, ஒரு கிழமை வா. காத்துப் பட்டால் நல்லது."

"நீங்கள் போங்கோ. நான் வீட்டைப் பாக்கிறன்."

அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? நான் போகாமல் பிள்ளைகள் எப்படிப் போவது? அத்தான் கொஞ்ச நேரம் மோட்டர்ஹோமைச் சுற்றி நடந்தார். பிறகு வந்து, "அப்ப முத்தத்திலையே போடுவம்" என்றார்.

"என்னத்தை?"

"பாபிக்யூவை. வண்டியின்ர காஸிலை. அது நிண்ட இடத்திலையே நிக்கட்டும். போன் அடிச்சால் யன்னலுக்குள்ளாலை கேக்கும்தானே?"

குசினியில் நாலு அடுப்பும் ஓர் அவணும் இருப்பதை ஞாபகப்படுத்தினேன். இரண்டு ஆண்களும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முற்றத்தில் சமைத்தால் அக்கா வருவாள் என்ற ஆசையில், ஒரு கலியாண வீட்டுக்குக் காணக்கூடிய கோழியை வெட்டி, மிளகாய்த்தூளும் தயிரும் பிரட்டிக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டேன். பாலும் முட்டையும் வெளியே நின்றன.

சனிக்கிழமை காலை தொடங்கினார்கள். அத்தான் கனடாவில் வாங்கி வந்த குழாய் இங்கத்தைய வாய்க்குப் பொருந்தவில்லை. இவர் கடைக்கு ஓடி ஓர் இணைப்புத் துண்டு வாங்கி வந்தார். அது அந்தப் பக்கம் பொருந்தியது, இந்தப் பக்கம் பொருந்தவில்லை. மறுபடி ஓடினார். காஸ் நட்டுகளுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது இருவருக்கும் தெரியவில்லை. இறுக்க இறுக்க அது கழன்றுகொண்டேயிருந்தது. ஒரு நட்டு மோட்டர்ஹோமுக்கு அடியில் உருண்டு போக, அத்தான் வெள்ளைச் சேட்டோடு மல்லாந்து உள்ளே போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

ஒருவழியாகப் பூட்டிச் சவர்க்கார நுரை பூசி, குமிழி வரவில்லை என்று பார்த்துவிட்டு, அத்தான் அடுப்பைப் பற்றவைத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பற்றியது. ஆனால் அதை நெருப்பு என்று சொல்ல முடியாது. பிறந்தநாள் கேக்கில் வைக்கிற மெழுகுதிரி அளவு, நீலமாக, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. குமிழை முழுக்கத் திருகியும் அதே அளவுதான்.

"காஸ் முடிஞ்சுபோச்சு, தம்பி."

"புதுச் சிலிண்டர், அத்தான். உங்கட அடுப்புத்தான் சரியில்லை."

"இந்த அடுப்பாலை கனடா முழுக்கச் சமைக்கிறாங்கள்!"

இவர் வண்டிக்குள் ஏறி, உள்ளே இருந்த சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். அது அதே காஸில் அழகாக எரிந்தது. அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "அது உள்ளுக்கை, காத்தில்லை" என்றார். இவர் ஒரு பெட்டி மட்டையைக் கொண்டுவந்து வெளியில் காற்று மறைத்துப் பிடித்தார். மெழுகுதிரி அசையவில்லை. மட்டையின் ஓரம் கோழியில் விழுந்தது. பெரிய மகள் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இற்ஸ் நொட் ஈவன் வோர்ம்" என்றாள். மத்தியானமும் கடந்துவிட்டது. எனக்குப் பசியில் தலை இடித்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் அவணில் வைக்கிறேன் என்றேன். இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. அத்தான் நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்து அடுப்பின் குமிழுக்குப் பின்னால் இருந்த ஏதோ பாகத்தைக் கழற்றப் போனார். இவர் அதைவிட மேல். குழாயை வெட்டி நேரே சிலிண்டரில் பூட்டினால் என்ன என்று குசினிக் கத்தியோடு வந்து நின்றார். நான் கத்தினேன். என்னை யார் கேட்டார்கள்?

வாசற்கதவு சுவரில் மோதுகிற சத்தம். அக்கா.

"விடுங்கோ! ரெண்டு பேரும் கையை எடுங்கோ! வீட்டைக் கொளுத்தப் போறியளோ? அங்கை எரிஞ்சது காணாதோ?"

கத்தியும் சாவியும் கீழே போயின. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அக்காவும் தான் சொன்னதைக் கேட்டு நின்றதுபோல நின்றாள். வெறுங்கால்; சீமெந்தில். வாசற்படி தாண்டி வந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு குனிந்து நெருப்பைப் பார்த்தாள். "என்ன உது?"

"அடுப்பு" என்றார் அத்தான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"உதிலை இவ்வளவு பெரிய துண்டைப் போட்டால் தீபாவளிக்குத்தான் வேகும். கத்தியைத் தாங்கோ." என்னைப் பார்த்து, "நீயும் பாத்துக்கொண்டு நிக்கிறியே?" என்றாள். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரெலிபோனை வயரோடு இழுத்து யன்னல் விளிம்பில் வைக்கச் சொன்னாள். கோழியைச் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, கொஞ்சமாகப் பரப்பி, மூடியைச் சாத்திவிட்டு, பிளாஸ்ரிக் கதிரையில் காவல் இருந்தாள். மூடியைத் திறந்து பார்க்க வந்த அத்தானின் கையில் அடி போட்டாள். இருந்த இடத்திலிருந்தே இருவருக்கும் ஏச்சு: ஒருவருக்கு வண்டி வாங்கினதற்கு, மற்றவருக்கு விமானத்தில் இரும்பு காவி வந்ததற்கு. மாதக்கணக்கில் சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் அன்று இறங்கின. இவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தானின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று ஓடுவதைக் கண்டேன்.

அப்போதுதான் ரெலிபோன் அடித்தது.

அக்கா எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. யன்னலுக்கு வெளியே நின்றபடியே எடுத்தாள். "ஹலோ? ஹலோ? அம்மா?"

எங்களுக்கு அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வட்?" என்றாள் அக்கா. பிறகு, அந்தத் தெருவே கேட்க: "விண்டோஸ்? வீ ஹாவ் விண்டோஸ்! ஐ ஆம் ஸ்ராண்டிங் அட் த விண்டோ!"

இரட்டைக் கண்ணாடி யன்னல் விற்கிறவன். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிரிக்கத் தொடங்கினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியாது. போய்ப் பிடித்தபோது அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வைகாசியிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கோழி கருகவில்லை. அந்த நெருப்பில் கருகுவதற்கு வழியில்லை. பொழுது சாய்கிற நேரம் கடைசித் தட்டு இறங்கியது. அக்கா கையால் எடுத்துச் சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். உப்புக் காணாது என்று எனக்கு ஏசினாள்.

அழைப்பு ஐப்பசியில் வந்தது, மழை பெய்த ஒரு சாதாரண நாளில், அக்கா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது. அப்பாவின் குரல். அம்மாவும் பக்கத்தில் இருக்கிறா என்றார். "ஆனா அவவுக்கு இப்ப காது கேக்காது, பிள்ளை. நீ சொல்லு, நான் கையைக் காட்டிச் சொல்லிவிடுறன்." அக்கா என்ன சொல்வதென்று தெரியாமல், "கோழி சுட்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

மெழுகுதிரியின் மர்மம் அடுத்த வருடம் ஒரு காரவன் கடையில் அவிழ்ந்தது. வண்டியில் இருக்கிற ரெகுலேற்றர் காஸின் அழுத்தத்தை ஏற்கெனவே குறைத்துத்தான் வெளியே அனுப்புகிறதாம். அத்தானின் அடுப்போ சின்னச் சிலிண்டரில் நேரே பூட்டுவதற்குச் செய்தது. அதன் குமிழுக்குள் இன்னொரு ரெகுலேற்றர். குறைத்ததையே திரும்பவும் குறைத்தால் என்ன மிஞ்சும்? அந்த வாய்க்கென்றே செய்த அடுப்பு வாங்க வேண்டும், எதையும் கழற்றக்கூடாது, வெட்டவும் கூடாது. ஆக, காஸிலும் பிழையில்லை, அடுப்பிலும் பிழையில்லை. இவர் அன்றே ரொறன்ரோவுக்கு அடித்துச் சொன்னார். அத்தான் நம்பவில்லை. அதன்பிறகு ஞாயிறு தோறும் அவர்கள் இருவரும் போனில் பிடித்த சண்டையைக் கேட்டுக்கொண்டே நான் ஒரு கிழமைக்கான உடுப்பை அயனில் மினுக்கி முடிப்பேன். தலைவலிதான் மிச்சம்.

இப்போது அந்தத் தலைவலியும் இல்லை. மோட்டர்ஹோம் ஸ்கொட்லாந்தைக் காணாமலேயே விலைபோனது. பழைய டீசல் வண்டிகளைப் புகைக் கட்டணம் கட்டி லண்டனுக்குள் ஓட்டவும் இனிக் கட்டுபடியாகாது. அக்கா கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கிறாள். நாள் முழுக்க ஊர் சுற்றுகிறாள், அடித்தால் போனை எடுக்கமாட்டாள். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அத்தான் போன மாரியில் ரொறன்ரோவில் காலமானார்.

ஞாயிறு பின்னேரங்களில் இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் நான் அத்தானின் பக்கம் நின்று வாதாடிப் பார்த்தேன். இரண்டு வசனம்கூடப் போகவில்லை.

"விடும்" என்றார் இவர். "உமக்கு அந்தாள் மாதிரிப் பிழையாக் கதைக்கத் தெரியாது."