ஆறு கிழமைப் பாண்

என் மனைவி கணித ஆசிரியை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்தாள். எனக்கும் அந்தப் பக்கத்திலேதான் வேலை, துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கந்தோரில். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் பூட்டியிருந்த காலம் அது.

கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு வயிறு சரியில்லை. ஊதும், வலிக்கும், அடிக்கடி போகும். வாய்க்குள் புண் ஆறவே ஆறாது. இரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்தார்கள். அதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பார்த்த டொக்டர்மார் எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: யோசனை, மனக்கவலை. ஊரில் தகப்பன், தாய், தங்கச்சி எல்லாரும் இருக்க இங்கே இருக்கிற பிள்ளைக்கு யோசனை இருக்கும்தானே. அந்த நாட்களில் கொழும்பில் யோசனை இல்லாத தமிழன் யார்? நானும் நம்பினேன்.

அவள் நம்பவில்லை. ஒரு கந்தசஷ்டிக்கு விரதம் பிடித்தாள். பாலும் பழமும் மட்டும். எனக்குப் பயம், ஏற்கெனவே காய்ந்து போயிருக்கிற உடம்பு. ஆனால் விரதம் முடியும்போது அவள் வருடக்கணக்கில் இல்லாத தெளிவோடு இருந்தாள். பாறணைக்குச் சோறு சாப்பிட்டாள், வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் காலையில் வழக்கம்போலப் பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும். பாடசாலைக்குப் போக முடியவில்லை.

அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அவள் முறை. பாணை விட்டாள், சுகம். யாரோ வீட்டுப் பிறந்தநாளில் கோதுமை மாவில் சுருட்டிப் பொரித்த ஒரு ரோல்ஸ் சாப்பிட்டாள், திரும்ப வந்தது. எங்கள் ஊர்த் தோசைக்குக் கோதுமை மா கலக்கிறதை நினைத்து அதையும் விட்டாள். ரசம் குடித்தால் மட்டும் ஏன் குழப்புகிறது என்று நெடுக யோசித்து, ஒரு நாள் பெருங்காயப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் கோதுமை மா சேர்த்திருந்தது. அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும், களவெடுத்தவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்த மாதிரி.

சிவப்பரிசி மா இடியப்பம், புட்டு, சோறு என்று ஒரு வருடம் அளவில் போனது. கன்னம் வந்தது, தலைமயிர் கொட்டுவது நின்றது. சொந்தக்காரர் சிலர் பாண் சாப்பிடாத மகாராணி என்று பகிடி பண்ணினார்கள். சனம் கூப்பனுக்குக் கொடுக்கும் கோதுமை மாவுக்கு வரிசையில் நிற்கிற நாட்டில் மா வேண்டாம் என்பது அவர்களுக்குத் திமிராகத் தெரிந்தது. அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

ஒரு சிங்களப் பெண் டொக்டரைப் பற்றி அவளோடு படிப்பிக்கிறவர் ஒருவர் சொன்னார். குடல் வருத்தங்கள் பார்க்கிறவர். நாங்கள் போய்க் கதையை முழுதும் சொன்னோம். அவர் குறிப்பெழுதிக்கொண்டு கேட்டார். பிறகு, இதற்கு சீலியாக் என்று பெயர், கோதுமையில் இருக்கும் குளூட்டன் உங்கள் குடலைப் புண்ணாக்குகிறது என்று நினைக்கிறேன், இங்கே அபூர்வமாகத்தான் கண்டுபிடிக்கிறோம் என்றார். ஆனால் சோதித்து உறுதி செய்வதற்கு ஒரு தடை. அவள் கோதுமை மாவை நிற்பாட்டிவிட்டாள். இப்போது இரத்தத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளும், பாண் சாப்பிட வேண்டும், அதன் பிறகே சோதனை.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லப் போனேன். அதற்குள் டொக்டர் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். தங்கச்சி யாழ்ப்பாணத்தில் என்றாள் மனைவி. அவளுக்கும் இரத்தம் குறைவு, இரண்டு தரம் கரு தங்கவில்லை என்பதையும் சொன்னாள். டொக்டர் பேனையை வைத்தார். இந்த வருத்தம் அதையும் செய்யலாம், உங்களுக்கு இருக்கிறது என்று உறுதியானால் தங்கச்சியையும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் வாதாடினேன். "சுகமாத்தானே இருக்கிறீர். ஏன் இனி உந்தச் சோதனை? தங்கச்சியையும் மாவை விடச் சொன்னால் சரிதானே."

"அவள் விடமாட்டாள். அவளை நம்பப்பண்ண என்னட்டை என்ன இருக்கு? விடை சரியெண்டு எனக்குத் தெரியும். ஆனால் செய்கை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் நான் பிள்ளையளுக்குப் புள்ளி போடுறேல்லை" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் பாமன்கடைப் பக்கத்துப் பேக்கரியில் நான்தான் பாண் வாங்கி வந்தேன். சூட்டோடு அந்த வாசம் வீட்டை நிறைத்தது. அவள் இரண்டு துண்டை வெட்டிப் பருப்போடு சாப்பிட்டாள். ருசியாய்த்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை என்றாள். இரண்டு நாளில் எல்லாம் திரும்பி வந்தன: வயிற்று ஊதல், வாய்ப்புண், மத்தியானமானால் எழும்ப முடியாத களைப்பு. பாதியில் விடு என்று எத்தனையோ தரம் சொன்னேன். தட்டில் மிஞ்சியதை என் பக்கம் இழுக்கக்கூட விடமாட்டாள்.

நாலாவது கிழமை போல ஒரு காலை, கொள்ளுப்பிட்டி தாண்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நீளம். அவள் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை பொடித்தது. எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் வரிசையை விட்டு விலகுவது எவ்வளவு ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு நேரே போய், அங்கே நின்ற பெண் பொலிஸிடம் சிங்களத்தில் சொன்னாள், எனக்கு வயிற்றுப் போக்கு, இப்போதே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று. குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையில் நின்ற ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் அட்டையை வாங்கி, யாழ்ப்பாணம் என்றிருந்த பிறந்த இடத்தைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து கிளறினாள். உள்ளே ஒரு சின்னப் பொதி இருந்தது. பிரித்தால் இரண்டு துண்டு பாண். வயிறு சரியில்லாத மனுசிக்கு இது ஏன் என்று கேட்டாள். டொக்டர் சாப்பிடச் சொன்னவர், இது எனக்குக் கூடாது என்பதை நிரூபிக்கச் சாப்பிடுகிறேன் என்று இவள் சொன்னாள். பொலிஸ்காரி பொதியைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு தானே கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்த முஸ்லிம் ஒருவரின் இரும்புக்கடைக் கதவைத் தட்டினாள். கடைக்குப் பின்னால்தான் அவர்களுடைய வீடு. அந்த வீட்டு அம்மா ஒன்றும் விசாரிக்காமல், "உள்ளுக்கு வாங்க மக" என்று கூட்டிப்போனார்.

எங்கள் பஸ் போய்விட்டது. அவள் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து வெளியே வந்தாள். அந்த அம்மா கொடுத்த பிளேன்ரீயை நின்றபடியே குடித்தாள். நான் வீட்டுக்குத் திரும்புவோம் என்றேன். "முதல் பாடம் பதினோராம் வகுப்பு. பிள்ளையளுக்குச் சோதனை கிட்டுது" என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள். அந்த ஆறு கிழமையும் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனபோது, இந்த மனுசிக்குப் புருசனாய் இருக்கிறேன் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாய் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை.

இரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் காத்திருந்தோம். பிறகு வாயால் கமரா விட்டுக் குடலைப் பார்த்து, சோதிக்கச் சின்னத் துண்டும் எடுத்தார்கள். இரண்டும் ஒன்றையே சொல்லின. சீலியாக்தான். அறையில் இரண்டு மூன்று பயிற்சி டொக்டர்களும் நின்றார்கள். இவவுடைய வருத்தத்தை நான் கண்டுபிடிக்கவில்லை, இவவே கண்டுபிடித்துக்கொண்டு வந்தவ, நான் சரி பார்த்தது மட்டும்தான் என்று டொக்டர் அவர்களுக்குச் சொன்னார். என் மனைவி தலையைக் குனியவில்லை. ஓம் என்பது போல ஆட்டினாள். வீட்டுக்கு வந்து மிஞ்சிக் கிடந்த பாணைக் காகத்துக்குப் போட்டாள்.

தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். நானெண்டால் அக்கா சொன்னதற்கு வந்திருக்கமாட்டேன், டொக்டர் சொன்னபடியால் வாறேன் என்றாளாம் அவள். அனுமதி எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கு வந்து சேர இரண்டு மாதம் பிடித்தது. அவள் மாவை நிற்பாட்டாதபடியால் எந்தப் பாடும் படாமல் நேரே சோதனைக்குப் போனாள். அவளுக்கும் அதேதான்.

"நான் ஆறு கிழமை பட்டதை நீ ஒரு ஊசியோடை முடிச்சிட்டாய்" என்று அக்கா சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை. அக்காவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். தன் உடம்பில்தான் ஏதோ குறை, தான் ராசியில்லாதவள் என்று ஊரார் சொன்னதை எல்லாம் அவள் நம்பியிருந்தாள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கொஞ்சக் காலம் எங்களோடு தங்கினாள். எதை எப்படி மாற்றுவது என்று அக்கா குசினி அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தாள். உடம்பு தேறித்தான் ஊருக்குப் போனாள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு விடியற்காலை ரெலிபோன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரமாச்சு என்று பாடசாலைக்கு வெளிக்கிட்டாள். நான் சந்திக் கடைக்காரரிடம் சொன்னேன், பஸ்ஸில் வழக்கமாய் வருகிற கிளார்க்கிடம் சொன்னேன், கந்தோரில் எல்லாரிடமும் சொன்னேன். பிள்ளை பிறந்ததை ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் என் மனைவியைப் பற்றியே கதைத்தேன்.